புளியங்கொட்டை புரோகிராம்

மாமனாராக வரப்போகிறவரைக் கம்ப்யூட்டரிடம் பத்து ஆட்டம் ஜெயிக்க வைத்துவிட்டால் பெண்ணைக் கொடுத்துவிடுவார் என்று நான் மனப்பூர்வமாக நம்பியிருந்தேன். சிரித்துக்கொள்ளுங்கள். அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. அந்த வயதில் இதைவிட மோசமானதையெல்லாம் நம்பியவர்கள் உண்டு.

நேற்று சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து செல்போனில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தேன். வேலை முடிந்த அலுப்பு. உடம்பைச் சாய்க்க இடமில்லாதபோது கட்டைவிரலுக்காவது ஏதாவது போக்குக் காட்ட வேண்டியிருக்கிறது. வரிசையாக மூன்று ஆட்டம் தோற்றேன். போதுமென்று மூடப் போன நேரத்தில் நல்ல சீட்டுகளாக வந்து விழுந்து, திரை முழுக்கப் பட்டாசு வெடித்தது. எனக்கு மகிழ்ச்சியே வரவில்லை. இந்தத் திருட்டு தெரிந்த திருட்டு. தொண்ணூறுகளின் நடுவில், ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பட்டுக்கடை மாடியில் நானே செய்தது.

மாடிப்படி வரைக்கும் புதுத்துணி வாசனை; கதவைத் திறந்தால் ஈரக் குளிரும் காலுறை நாற்றமும். கம்ப்யூட்டர் சென்டர் என்றால் அன்றைக்குக் கோயில் மாதிரி, செருப்பு வெளியே. நான்கு கம்ப்யூட்டர்களுக்காக ஏ.சி. போட்டிருந்தார்கள், மனிதர்கள் ஓரமாக ஒண்டிக்கொள்ளலாம். நான் அங்கே வாத்தியார். மாணவர்களைவிட ஆறு மாதம் முன்னால் படித்தவன் என்பதுதான் தகுதி.

புரோகிராமில் ஃபங்ஷன் என்றால் என்ன என்று நான் விளக்க விளக்க அவர்கள் கொட்டாவி விட்டார்கள். வேறு வழியில்லாமல் ஒத்தையா ரெட்டையா விளையாட்டை எழுதினேன். கையில் புளியங்கொட்டையை அள்ளி மூடிக்கொண்டு கேட்போமே, அதேதான், மூடுவது கம்ப்யூட்டர். ஒரு ஃபங்ஷன் கொட்டையை மறைக்கும். ஒன்று கேட்கும். ஒன்று எண்ணிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும். "ஒருத்தன் வேலைல இன்னொருத்தன் தலையிடக் கூடாது, அவ்வளவுதான்" என்பேன். ஆங்கில எழுத்தில்தான் என்றாலும் 'ஜெயிச்சுப்போட்டீங்க', 'தோத்துப்போட்டீங்க' என்று மரியாதையாகத் திரையில் வரும். கோயமுத்தூர்க் கம்ப்யூட்டர் இல்லையா!

அந்தச் சமயத்தில்தான் பொள்ளாச்சியில் ஒரு கல்யாணம். பந்தியில் ரசத்தை என் சட்டை மேலேயே ஊற்றிக்கொண்டேன். எதிர்வரிசையில் இருந்த பெண், "ஏனுங்க, எலை கீழ இருக்குதுங்க" என்றாள். முகத்தில் சிரிப்பே இல்லை. நான் அங்கேயே விழுந்துவிட்டேன். என் தாய்மாமன் விசாரித்தார்: கிணத்துக்கடவு, தென்னந்தோப்பு, ஒரே மகள். ஜாதகமும் சேர்ந்தது. அவளுடைய அப்பாதான் பாக்கி.

"பையன் பொட்டியத் தட்டறாருங்கறீங்க. தட்டுனா என்ன வருதுன்னு நாம் பாக்கோணுமுங்க" என்றாராம் அவர். வியாழக்கிழமை வருவதாக ஏற்பாடு.

மாமன் போகிற போக்கில் ஒரு குண்டைப் போட்டார். "டேய், அவரு சீட்டுல தோத்துப்போட்டு ஒரு பங்காளிகூட ரெண்டு வருசம் பேசலைடா. பாத்து நடந்துக்க."

பார்த்துத்தான் நடந்துகொண்டேன். முதலில் மறை, பிறகு கேள் என்றிருந்த வரிசையை மாற்றினேன். இப்போது கம்ப்யூட்டர் முதலில் கேட்கும். அவர் ஒத்தை என்றால் ஒற்றைப்படையில் கொட்டை வைக்கும். ரெட்டை என்றால் இரட்டைப்படையில். பழைய புரோகிராமை அழிக்க மனமில்லாமல் அதே ஃப்ளாப்பியில் வேறு பெயரில் வைத்துக்கொண்டேன்.

வந்தார். வெள்ளைச் சட்டை, மஞ்சள் பையில் இரண்டு தேங்காய். "உள்ள மார்கழியாட்டம் இருக்குதுங்க" என்றார். அந்த மார்கழியில் வியர்த்துக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான். ஃப்ளாப்பியைத் தலைகீழாகச் சொருகினேன், உள்ளே போகவில்லை. 'வாங்க மாமா' என்பதா, 'ஐயா' என்பதா என்று தெரியாமல் நாற்காலியைப் பார்த்து "உக்காருங்க" என்றேன்.

அவர் வாயால் சொல்ல, நான் தட்டினேன். முதல் ஆட்டம் ஜெயித்துச் சிரித்தார். மூன்றாவதில் தொடையில் தட்டிக்கொண்டார். ஐந்தாவதில் சிரிப்பு நின்றது. அதற்குப் பிறகு "ஒத்தை, ஒத்தை" என்று அதையே சொன்னார். ஐந்து முறையும் ஒத்தை. தினமும் மூன்று மணிக்குத் தவறாமல் போகிற கரண்ட்டை மனதுக்குள் கூவிக் கூவி அழைத்தேன். அன்றைக்குப் பார்த்துப் போகவில்லை.

"ஏந் தம்பி, நாஞ் சொல்றதுக்கு மின்னாடியே கொட்டைய மறைச்சுருதுங்களா?"

"ஆமாங்க."

"ஒருக்காக்கூட தோக்கலீங்களே நானு."

"உங்களுக்கு ராசியான கைங்க."

உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். "இந்தக் கைய எனக்கு அம்பத்தஞ்சு வருசமாத் தெரியுமுங்க."

அப்புறம் இன்னும் ஒன்று கேட்டார். நான் பதில் சொன்னேன். "வாரேனுங்க" என்று எழுந்தார். தேங்காயை மட்டும் வைத்துவிட்டுப் போனார்.

ஒரு வாரம் கழித்து மாமன் பதிலோடு வந்தார். "பையனக் குத்தஞ் சொல்ல மாட்டேனுங்க. ஆனா மொகத்தப் பாத்துப்போட்டுப் பதில் சொல்ற ஆளு. நாளைக்கு எம் புள்ளகிட்ட நெசம் பேசுவாருங்களா?" என்று கேட்டாராம். அவளை உடுமலைப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள்.

அந்த மாடி இப்போது பட்டுக்கடைக்குக் கிடங்கு. ஃப்ளாப்பி எங்கே போனதோ. கிடைத்தாலும் சொருக ஓட்டை உள்ள இயந்திரம் கிடையாது. புளிகூடக் கொட்டை எடுத்துப் பாக்கெட்டில் வருகிறது. அவரும் போய்ச் சேர்ந்துவிட்டதாகக் கேள்வி. பஸ் வந்த பிறகும் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்த போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஏறினேன். உட்கார இடமில்லை.

அவர் கடைசியாகக் கேட்டது இதுதான்: "பொட்டியோட கைக்குள்ள கொட்டையே இல்லையாட்ட இருக்குது. போச்சாதுங்க, போனாப் போகுது. நெசமா ஆடறது ஒண்ணு வெச்சிருக்கீங்களா தம்பி? தோத்தாலுந் தேவலைங்க."

"இல்லீங்க, இது ஒண்ணுதானுங்க" என்றேன்.

இரண்டும் அதே ஃப்ளாப்பியில்தான் இருந்தன.