ஐஸ் பேசினும் ஜெறோமின் இதயமும்

மருந்து எல்லாம் அலுமாரிக்குள்தான் இருக்கும் என்று நினைக்கிற இளம் தாதிப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லியே ஆகவேண்டும். நான் மன்னார் முசலிப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் தாதியாக, ஊராருக்கு மிஸியாக இருந்து இப்போதுதான் ஓய்வு பெற்றனான்.

ஒரு காலைமை, முள்ளிக்குளத்தில் சங்கு குளிக்கிற ஜெறோமைப் படகிலிருந்து நேரே தூக்கிவந்தார்கள். நெற்றியிலிருந்து மூக்குவரை மூடுகிற, கடலில் முங்கப் போடுகிற கண்ணாடி இன்னும் கழுத்தில் தொங்கியது. நெஞ்சு துடிக்கிறது வெளியிலேயே தெரிந்தது. கை சில்லிட்டு, உடம்பெல்லாம் வியர்வை, கண்மணி விரிந்து கிடந்தது.

ஈசிஜியைப் பார்த்த டொக்டர், "இதயத்துக்குள்ள கரண்ட் ஒரே வட்டத்தில சுத்துது மிஸி. பிறஷரும் இறங்குது. இதை நிப்பாட்டுற ஊசி மன்னாரிலதான். ஆம்புலன்ஸ் வர முதல் வேகஸைக் கூப்பிட்டுப் பாப்பம்" என்றா.

வேகஸ் ஆளில்லை, நரம்பு. எங்களைக் கேளாமலே உடம்பை நடத்த இரண்டு நரம்புக் கூட்டம் இருக்கு. பரிவு நரம்புகள் நெஞ்சு, இடுப்புப் பகுதி முள்ளந்தண்டிலிருந்து கிளம்பி, பக்கத்திலேயே சங்கிலியாகக் கிடக்கிற கணுக்களில் செய்தியைக் கைமாற்றும். அதனால்தான் பயம் வந்தால் முழு உடம்பும் ஒரேயடியாக எழும்புது: இதயம் ஓடும், கண்மணி விரியும், குடல் வேலையை நிப்பாட்டும். பரபரிவு நரம்புகள் மூளைத்தண்டிலிருந்தும் முள்ளந்தண்டின் அடியிலிருந்தும் நீளமாகப் போய், அந்தந்த உறுப்பின் வாசலில்தான் கைமாற்றும். ஒவ்வொன்றையும் தனித்தனியே வழமைக்குத் திருப்பும். அதில் பெரியவன் வேகஸ். முகத்தில் குளிர்தண்ணி பட்டால், ஆள் முங்கிவிட்டார் என்று இதயத்தை மெதுவாக்கிவிடுவான்.

மீன்வாடியிலிருந்து வந்த ஐஸை, முகம் கழுவுகிற பேசினில் தண்ணி விட்டுக் கொட்டினோம். பேசினை நீட்டினதுதான் தாமதம், ஜெறோம் பழக்கத்தில் கண்ணாடியை இழுத்து மாட்டி, மூச்சை அடக்கி, முகத்தை உள்ளே விட்டார். நாங்கள் எல்லாரும் மொனிட்டரையே பார்த்துக்கொண்டு நின்றோம். வேகம் குறையவேயில்லை.

"மூச்சு வாங்கிற மனுசனைத் தண்ணிக்குள்ள அமத்திறியளே! மடு மாதாவே, இவரை எனக்குத் திருப்பித் தா!" என்று மனைவி மெற்றில்டா என் கையைப் பிடித்து இழுத்தா.

டொக்டர்தான் மொனிட்டரை விட்டு ஜெறோமைத் திரும்பிப் பார்த்தா. "ஐயோ மிஸி, கண்ணாடி! முகம் நனையவே இல்லை, கழட்டுங்கோ!"

பிடுங்கி எறிந்தேன். "ஜெறோம், இன்னொருக்கா முங்குங்கோ. வெறும் முகத்தோட."

முங்கினார். மொனிட்டரில் கோடு ஒரு கணம் வெறுமனே போச்சு. எனக்கு உயிரே போய் வந்தது. பிறகு டக்... டக்... என்று ஆறுதலாக, என்ன வடிவாக வந்தது தெரியுமோ!

நிமிர்ந்தவர், "மிஸி, ஐஸ் மீன் நாறுது" என்றார். மெற்றில்டா அழுதுகொண்டே அவர் முதுகில் ஒன்று போட்டா.

ஒரு பேசின் தண்ணிக்கு இப்படி மறுமொழி சொல்கிற நரம்பை வைத்துப் படைச்சவனை என்னெண்டு மெச்சுறது! டொக்டர் பக்கத்தில் இல்லாமல் நீங்கள் இதைச் செய்யப் போகாதேங்கோ. மொனிட்டரைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லேல்லை. ஆனால் பிள்ளையள், முதலில் ஆளின் முகத்தைப் பாருங்கோ.