ஆட்சியில் ஓர் எழுத்துக் கூடுதல்

எங்கள் ஆவணக் காப்பகத்தில் அவளைப் பசையக்கா என்றுதான் கூப்பிடுவோம். கிழிந்த தாள்களை ஒட்டுவதும், தொட்டாலே பொடியாகும் தாள்களைக் கையால் பிரதி எடுப்பதும் அவள் வேலை. பிரதிக்கு ஒரே சட்டம்: மூலத்தில் பிழை இருந்தால் பிரதியிலும் இருக்க வேண்டும். அவள் இலக்கணத்தில் புலி. பிழையைக் கண்டால் பல்லைக் கடிப்பாள், ஆனால் பத்தொன்பது வருடத்தில் ஒரு புள்ளியைக்கூடத் திருத்தியதில்லை. எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. அதனால்தான் நான் இன்னும் அலமாரிச் சாவிக்காரி.

முப்பது வருடத்துக்கு முன் ஆண்டவர்கள் போன மாதம் மறுபடி நாற்காலிக்கு வந்தார்கள். வந்த வாரமே ஓர் அதிகாரி எங்களிடம் வந்து, அவர்களுடைய பழைய ஆட்சிக் காலத்தில் ஒரு கல்லூரி மாணவன் எழுதிய இலக்கியத் தேர்வு விடைத்தாளைக் கேட்டார். அரசனைப் பழித்த புலவனைப் பற்றிய கேள்விக்கு அந்தப் பையன் எழுதியிருந்தான்: "பாட்டுக்குப் பயப்படும் ஆட்ச்சி நிலைக்காது." ஆட்சிக்கு நடுவே வேண்டாத ஒரு 'ச்'. ஆசிரியர் அதைச் சுழித்து அரை மதிப்பெண் குறைத்திருந்தார். அந்த அரசாங்கம் அதே வாரம் ஆசிரியரைக் கொண்டுபோனது. அவர் திரும்பி வரவில்லை. பையன் தப்பிவிட்டான். தாளில் எண் மட்டும்தான், பெயர்ப் பதிவேடு தீயில் போய்விட்டது. பிரதியை எல்லா அலுவலகங்களுக்கும் அனுப்பி, இப்படிப் பிழைவிடுகிறவன் யார் என்று கேட்கப்போவதாக அதிகாரி சொன்னார்.

தாளைப் பார்த்த பசையக்காவின் முகத்தில் ஈயாடவில்லை.

அவள் கணவர் மின்விசிறி பழுதுபார்க்கிறவர். பத்தாம் வகுப்போடு நின்றவர் என்று சொல்லித்தான் அவளைக் கட்டினார். விடுமுறை நாளில் அவர் சமைத்தால் கதவில் ஒரு சீட்டு தொங்கும்: "இன்று அடுப்படியில் என் ஆட்ச்சி." அதைக் கொண்டுவந்து காட்டி அவள் என்னைச் சிரிக்கவைத்திருக்கிறாள். இப்போது நான் வாயைத் திறக்கவில்லை. பயம், வேறென்ன.

அவள் பிரதி எடுத்தாள். "ஆட்சி" என்று எழுதினாள்.

மறுநாள் அதிகாரி இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"மூலத்துல இருக்கிற பிழை பிரதியில இல்லையேம்மா?"

"கை தவறிடுச்சு சார்."

"பத்தொன்பது வருஷமா தவறாத கைன்னு உங்க தலைவர் சொன்னாரே." அவர் குரலை உயர்த்தவேயில்லை. "நாளைக்கு வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க. ஒரு வரி எழுதிக் காட்டினாப் போதும்."

மூடி மறைக்கப் போய் அவளே வெளிச்சம் போட்டுக் காட்டிவிட்டாள். ஓடினால் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று கணவர் சொன்னாராம். சாயங்காலம் முழுக்க அவரை உட்காரவைத்து ஆட்சி, ஆட்சி என்று எழுதவைத்தாளாம். கடைசி இரண்டு பக்கத்தில் பிழையே இல்லை. காலையில் அவள் அதை என்னிடம் காட்டியபோது எனக்கும் போன உயிர் வந்தது. படித்த முட்டாள்கள் நாங்கள் இரண்டு பேரும்.

அதிகாரி அவருக்கு நாற்காலி போட்டார், பேனா கொடுத்தார், குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுத்தார்.

"எழுதுங்க. உங்கள் முயற்சிக்கு நன்றி."

பசையக்கா என் கையைப் பிடித்தாள். 'முயற்சி' என்ற சொல்லிலும் அதே குழிதான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. சொல்லவும் முடியாது, இருமவும் முடியாது.

அவர் நிதானமாக, மணிமணியாக எழுதினார்: "உங்கள் முயற்ச்சிக்கு நன்றி." எழுதி முடித்ததும், சரியாக வந்துவிட்டது என்று நிமிர்ந்து அவளைப் பார்த்துச் சிரித்தார்.