ஊரார் புகழ்ந்த ரோஷம்

ரோஷம் என்னும் சொல்லை எங்கள் பக்கத்தில் ஆண்களுக்குப் புகழாகவே வழங்குவர். என் கணவரை ரோஷக்காரர் என்று யாரேனும் சொன்னால், அவர் தோள்துண்டைச் சரிசெய்துகொள்வார். எனக்கோ பானை சட்டிகளின் நினைவு வந்துவிடும். வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று எத்தனை ஊர்! முதலாளி ஒரு சொல் தடித்துப் பேசினால் போதும், அவர் வேலையை உதறிவிடுவார். தோல் பதனிடும் ஷாப்பு கொடுத்த வீட்டையும் நாங்கள் விடவேண்டும்.

ஆம்பூரிலும் அவ்வாறே நிகழ்ந்தது. தோல் ஒன்று இவர் கத்தி பட்டுக் கிழிந்ததற்கு, முதலாளி சாயபு பலர் முன்னிலையில், “கண்ணு மங்கிடுச்சா?” என்று கேட்டுவிட்டாராம். மூன்று நாளாக இவர் வேலைக்குப் போகவில்லை. தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மகளோ நிறைமாதம். அவளை மாட்டுவண்டியில் ஏற்றி வேறு ஊர் தேட எனக்குத் துணிவில்லை. இவரிடம் கெஞ்சவும் தெம்பில்லை.

நான்காம் நாள் காலை சாயபுவிடம் சென்றேன்.

“இன்னாம்மா, உங்க ஊட்டுக்காரருக்கு ரோஷம் ரொம்ப ஜாஸ்தி. நான் போன்னு சொல்லவே இல்லியே.”

“ரோஷம் அவருக்கு, பானை சட்டி தூக்கறது நானு. அவரு கத்தியக் குடுங்க பாய், எடுத்துனு போறேன்.”

“அது ஷாப்பு கத்திம்மா.”

“தெரியும். அதுக்குத்தான் கேக்கறேன்.”

என்னை உற்றுப் பார்த்தவர் சிரித்துவிட்டார்.

தோலின் சதையை வழிக்கும் அந்த இருபிடிக் கத்தியைப் பழம்புடவையில் சுற்றித் தூக்கிவந்து, கணவர் உண்ணும் இடத்துக்கு எதிரே சாய்த்துவைத்தேன்.

“இத யாரு எடுத்தாந்தது?”

“நாந்தான். இத்தினி நாள் உழைச்சதுக்கு இதுனாச்சும் ஊட்ல இருக்கட்டுமே.”

“அறிவு கீதா உனக்கு? ஷாப்பு சாமான ஊட்ல வெச்சா திருடன்னு சொல்ல மாட்டான்?”

“அப்ப நீங்களே போய்க் குடுத்துடுங்க. எனக்கு முட்டி நோவுது.”

சோற்றைப் பாதியில் விட்டு எழுந்தார். கத்தியோடு போனவர், மாலையில் கையெல்லாம் தோல் ஊறும் சுண்ணாம்பின் நெடியோடு திரும்பினார். மறுநாள் ஷாப்புச் சங்கு ஊதுமுன்பே வேலைக்குப் புறப்பட்டுவிட்டார்.

சில நாளில் அந்த வீட்டிலேயே பேரன் பிறந்தான். அதற்குள் தெருவில் இவர் பெருமை ஒருபடி ஏறியிருந்தது: பிறர் பொருளை ஒரு பொழுதும் வீட்டில் வைக்காத ரோஷக்காரர்! குழந்தை முகம் சிவக்க வீறிட்டபோது அண்டை வீட்டுக்காரி, “தாத்தா ரோஷம் அப்பிடியே கீது பாரு,” என்று மகிழ்ந்தாள்.

நான் வெந்நீர் வைக்க எழுந்தேன்.