பன்னிரண்டு கட்டங்கள்

எங்கள் முதியோர் இல்லத்தின் மேலாளர் எதிரில் நின்றால் 'மேடம்'. முதுகைத் திருப்பினால் 'மணிக்கூண்டு'. பெயர் வைத்தது சமையலறை. அது அவருக்கும் தெரியும். ஒருமுறை என் மேசைக்கு வந்து, "மணிக்கூண்டு கேக்குது, போன மாச வருகைப் பதிவேடு எங்க?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்காமல் நின்றார். நான் மென்று விழுங்கியதை ரசித்தார் என்றுதான் நினைக்கிறேன்.

நான் அங்கே பதினோரு வருடம் எழுத்தராக இருந்தவன். யாரையும் தலையில் தூக்கிவைத்து ஆடும் வழக்கம் எனக்கில்லை. அவரையும் அப்படி ஆடவில்லை. பார்த்ததைச் சொல்கிறேன்.

இருபத்து மூன்று வயதில் அதே கட்டடத்தில் தரை துடைக்க வந்தவர் அவர். பிறகு பணிப்பெண்ணானார். அஞ்சல் வழியில் படித்தார். நாற்பத்து மூன்றாவது வயதில் மேலாளர் நாற்காலி கிடைத்தது. அதில் உட்காருவதற்கு முன் தினமும் அதைக் கொஞ்சம் நகர்த்தி, அடியில் துடைத்திருக்கிறதா என்று பார்ப்பார். பழைய வேலை அவரை விட்டுப் போகவே இல்லை.

பணிப்பெண்ணாக இருந்த முதல் வருடம், புரட்டிவிட ஆளில்லாமல் ஒரே பக்கமாகக் கிடந்த ஓர் அம்மாவின் படுக்கைப்புண்ணை அவர் கழுவியிருக்கிறார். உள்ளே எலும்பு தெரிந்ததாம். இதை என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார், அதுவும் தபால்களைப் பிரித்துக்கொண்டே. மேலாளரான முதல் வாரம் பதினெட்டு அறைகளுக்கும் கடிகாரம் மாட்டினார். எழுந்திருக்க முடியாதவர்களின் கட்டில்களில், காலடியில் ஒரு தாள் தொங்க ஆரம்பித்தது. நாளொன்றுக்குப் பன்னிரண்டு கட்டங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஆளைப் புரட்டிப் படுக்க வைத்து, எந்தப் பக்கம் என்று கட்டத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். காலிக் கட்டத்தைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம் விழும். மூன்று வட்டத்துக்கு ஒரு மெமோ. அடித்தல் திருத்தல் இருந்தாலும் மெமோ.

மெமோ அடிப்பது என் வேலை. நான் சேர்ந்த வருடம் நாற்பது அடித்தேன். அடுத்த வருடம் இரண்டு. அப்புறம் ஒன்றுகூட இல்லை. காலிக் கட்டமே இல்லாமல் போனது. முதியோர் இல்லங்களைச் சோதிக்கும் அரசு மேற்பார்வை அலுவலகம் ஒரு கேடயம் கொடுத்தது, அதை வரவேற்பறையில் மாட்டினோம். மனிதர்கள் ஓடியாடி வேலை செய்கிற இடத்தில் வருடக்கணக்காக ஒரு கட்டம்கூட விட்டுப்போகவில்லை என்றால் எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். மெமோ அடிக்கும் வேலை ஒழிந்ததே என்று நான் சந்தோஷமாக இருந்துவிட்டேன்.

அவருடைய தங்கையும் அங்கே பணிப்பெண். வேலைக்குச் சேர்த்ததும் அக்காதான், அவளுக்கு முதல் மெமோ கொடுத்ததும் அக்காதான். ஒரே வீட்டில் மாடியும் கீழுமாகக் குடியிருந்தார்கள். காலையில் ஒரே பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். வாசலைத் தாண்டியதும் அக்கா மேடமாகிவிட வேண்டும். உள்ளே வாய் தவறி 'அக்கா' என்றால் அந்த அம்மாள் காதில் விழாதது போலவே நடந்து போவார்.

ஒன்பதாம் அறையில் ஒரு கணக்கு வாத்தியார் இருந்தார். பக்கவாதத்தில் உடம்பு படுத்துவிட்டது, மூளை படுக்கவில்லை. ஒரு திங்கட்கிழமை அவரை எக்ஸ்ரே எடுக்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். காலை ஒன்பதரைக்குப் போனவர் மாலை ஐந்து மணிக்குத் திரும்பினார். அத்தனை நேரமும் நடைபாதையில், ஸ்ட்ரெச்சரில், மல்லாந்தபடியே. புதன்கிழமை அவருடைய இடுப்புக்குக் கீழே தோல் சிவந்து, நடுவில் உடைந்திருந்தது. வெள்ளிக்கிழமை மேற்பார்வை அதிகாரிகள் வருவதாக இருந்தது. படுக்கைப்புண் இருந்தால் அதற்கு எங்களிடம்தான் விளக்கம் கேட்பார்கள்.

மேலாளர் பதறவில்லை. "இது நம்ம இடத்துல வந்த புண் இல்ல. ஆஸ்பத்திரியில வந்தது. திங்கட்கிழமைத் தாளை எடுங்க, காட்டிடலாம்" என்றார்.

எடுத்துக் கொடுத்தேன். திங்கட்கிழமை எட்டு மணிக்கு வலது. பத்து மணிக்கு மல்லாந்து. பன்னிரண்டுக்கு இடது. இரண்டுக்கு வலது. நான்குக்கு மல்லாந்து. ஆறுக்கு இடது. எல்லாம் பளிச்சென்று, கையெழுத்தோடு. ஆள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, எங்கள் காலிக் கட்டிலில் அவரை நான்கு தடவை புரட்டிப் போட்டிருந்தோம். கையெழுத்து தங்கையுடையது.

மேலாளர் முகத்தில் ஈயாடவில்லை. ஆம்புலன்ஸ் பதிவேட்டைக் கேட்டு வாங்கித் தாளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு தங்கையை வரச்சொன்னார். என்னை வெளியே போகச் சொல்லவில்லை.

"இதை எப்ப எழுதின?"

தங்கை ஒளிக்கவில்லை. "காலையில ஏழு மணிக்கு, வந்ததும். ஆஸ்பத்திரி ஃபோன் ஒன்பதுக்குத்தான் வந்துச்சு. அடிச்சுத் திருத்தினா மெமோ. அப்படியே விட்டுட்டேன்."

"மத்தவங்க?"

"எல்லாரும்தான். ஆறு கட்டத்தையும் வந்ததும் போட்டுடுவோம். ஒருத்தரைப் புரட்டிட்டு இருக்கும்போது கையெல்லாம் ஈரம், பக்கத்து ரூம்ல மணி அடிக்கும். அந்த நிமிஷத்துக்குப் பேனா எடுக்க முடியுமா? வேலையை விடல மேடம். கொஞ்சம் முன்ன பின்ன ஆகும், ஆனா பாத்துடுவோம். உங்களுக்குக் கட்டம் நிறையணும், நிறைச்சோம்."

மேலாளர் பழைய கட்டுகளைக் கொண்டுவரச் சொன்னார். மூன்று மாதத் தாள்களை மேசையில் பரப்பினோம். ஒவ்வொரு பகல் பணியும் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே மூச்சில் எழுதியது. தெரிந்துகொள்ள நிபுணர் யாரும் வேண்டாம். பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அவர் ஒன்பதாம் அறைக்குப் போனார். வாத்தியாரின் மகளிடம் கையெழுத்து வாங்க வேண்டிய ஒரு படிவத்தோடு நானும் பின்னால் போனேன். மகள் இன்னும் வந்திருக்கவில்லை.

"சார், ஒரு நாளைக்கு உங்கள எத்தன தடவ புரட்டி விடுறாங்க?"

"பன்னெண்டு வரணும். ஒன்பது வருது, பத்து வருது. நல்ல நாள்ல பதினொண்ணு. பொண்ணுங்க மேல குத்தம் இல்ல, ஆள் பத்தாது." அவர் எண்ணியிருக்கிறார். எண்ணாமல் வேறென்ன செய்வார், பாவம்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கேட்டதே இல்லையேம்மா. தினமும் வருவீங்க. என் காலடியில தொங்குற தாளைப் பார்ப்பீங்க. போயிடுவீங்க."

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. தவறாகப் போட்ட கணக்கில் எந்த வரியில் பிசகு என்று காட்டுவது போலச் சொன்னார். மேலாளர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வியாழக்கிழமை மதியம் தங்கை அலுவலக அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். "அக்கா, அந்தத் தாளைக் கிழிச்சுடு. என் பணிப்பெண் சர்டிபிகேட் போச்சுன்னா வேற எங்கயும் சேர்க்க மாட்டாங்க." அக்கா என்றுதான் சொன்னாள். இந்தத் தடவை அது காதில் விழுந்தது.

அடுத்து நான் செய்ததையும் சொல்லிவிட வேண்டும். "புதுத் தாள் இருக்கு மேடம். பத்து நிமிஷ வேலை. நடுவுல 'ஆஸ்பத்திரியில்'னு எழுதிட்டா ஆம்புலன்ஸ் பதிவேட்டோட சரியா ஒத்துப்போகும். யாருக்கும் தெரியாது" என்றேன். நல்லவன் போல, தாளை எடுத்தும் வைத்தேன். பூசி மெழுகுவது எழுத்தர் வேலையில் பாதி.

மேலாளர் அந்த வெற்றுத் தாளைக் கையில் எடுத்தார். "எழுதினா உண்மையைத்தான் எழுதுவோம், இல்ல?" என்றார். "எழுதுற விஷயம் உண்மை, எழுதுற காரியம் பொய். நல்லா இருக்கு." தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். தங்கையைப் பார்த்து, "உன்னால முடியாததை நான்தான் கேட்டேன். அதையும் சேர்த்துத்தான் சொல்லப்போறேன். ஆனா உன் கையெழுத்தை மறைக்க மாட்டேன்" என்றார். தங்கை கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள். அன்று மாலை இருவரும் வேறு வேறு பஸ்ஸில் போனார்கள்.

வெள்ளிக்கிழமை அதிகாரிகள் மூன்று பேர் வந்தார்கள். கோப்பின் மேலேயே அந்தத் தாளும், கூடவே மேலாளர் கைப்பட எழுதிய ஒரு பக்கமும் இருந்தன. சிவப்பு வட்டம், மெமோ, அடித்தல் திருத்தல் கூடாது என்ற விதி, எல்லாவற்றையும் 'நான் வைத்தது' என்று எழுதியிருந்தார். மூத்த அதிகாரி படித்துவிட்டு, "இதை நாங்க கேக்கவே இல்லையே" என்றார், கொஞ்சம் எரிச்சலாக. வந்த வேலை நீண்டுவிட்டதே என்ற எரிச்சல்.

மூன்று மாதத்துக்குப் புதிதாக யாரையும் சேர்க்கக் கூடாது என்றார்கள். கேடயத்தைக் கழற்றச் சொன்னார்கள், நானே கழற்றினேன். மேலாளருக்கு எழுத்து மூலம் கண்டனம். தங்கையின் சான்றிதழை இரண்டு மாதம் நிறுத்தி வைத்தார்கள். அந்த இரண்டு மாதமும் அவள் மாடியிலிருந்து இறங்கவில்லை. அக்கா சாப்பாட்டைப் படிக்கட்டில் வைத்துவிட்டு வருவாராம். பாத்திரம் கழுவித் திரும்பி வருமாம், பேச்சு வராதாம். "பாத்திரமாவது வருதே" என்றார் என்னிடம்.

சிவப்புப் பேனா என் மேசை டிராயருக்கு வந்தது. காலையில் தாளைப் பார்ப்பதற்கு முன் போர்வையை விலக்கித் தோலைப் பார்க்க ஆரம்பித்தார். வாத்தியாரின் புண்ணை அவரே கழுவிக் கட்டினார், ஒன்பது வாரம். பணிப்பெண்களிடம், செய்யாததைக் காலியாக விடுங்கள் என்றார். முதல் மாதம் யாரும் நம்பவில்லை, கட்டங்கள் வழக்கம் போல நிறைந்தே இருந்தன. ஆறேழு வருடப் பயம் ஒரு சுற்றறிக்கையில் போய்விடுமா?

தங்கை வேலைக்குத் திரும்பிய வாரம், ஒரு மாலை ஒன்பதாம் அறையில் மேலாளரும் தங்கையும் நானும் இருந்தோம். மகள் கையெழுத்துப் போட்ட படிவத்தை வாங்க நான் போயிருந்தேன். மேலாளர் வாத்தியாருக்குக் கட்டுப் பிரித்துப் பார்த்தார். புண் மூடிப் புதுத் தோல் வந்திருந்தது.

"நேத்து இந்த நேரத்துலேருந்து இப்ப வரைக்கும் பதினொண்ணு" என்றார் வாத்தியார்.

மேலாளர் காலடித் தாளைத் திருப்பிப் பார்த்தார். மதியம் இரண்டு மணிக் கட்டம் காலியாக இருந்தது. கதவருகே துணி மடித்துக்கொண்டிருந்த தங்கை திரும்பாமலே சொன்னாள்.

"அந்த நேரத்துல ஏழாம் நம்பர் அம்மா பாத்ரூம்ல விழுந்துட்டாங்கக்கா. வர முடியல. அதான் எழுதல."

"சரிம்மா" என்றார் மேலாளர். தாளை இருந்த இடத்திலேயே மாட்டிவிட்டு, "வா, ஒரு கை பிடி" என்றார். இருவருமாக வாத்தியாரை இடது பக்கம் புரட்டினார்கள்.