எஸ்தர் அக்கா தட்டச்சு செய்யாத வரி

சிங்கப்பெருமாள் கோயில் நிறுத்தத்தில் செங்கல்பட்டு பேருந்துக்காக நின்றிருந்தபோது சதுரங்கப்பட்டினத்திலிருந்து தேசிங்கு போனில் கூப்பிட்டார். கம்பெனிப் பேருந்துகள் ஷிப்டு ஆட்களை இறக்கிக்கொண்டிருந்த நேரம், பாதிதான் காதில் விழுந்தது. "சார், அக்கா பூட்ச்சு" என்றார். எந்த அக்கா என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அடுத்து வந்த மதுராந்தகம் வண்டியில் ஏறிவிட்டேன். உட்கார இடம் இருந்தும் கருங்குழி வரை நின்றுகொண்டேதான் போனேன்.

எஸ்தரை அறிந்தவர்கள் ஆளுக்கொரு பெயரில் அறிந்திருப்பீர்கள். அலுவலகத்தில் எஸ்தர் மேடம், கடற்கரைக் குப்பங்களில் டைப்பக்கா. கருங்குழியில் அவருடைய அப்பாவும் அம்மாவும் ஊராருடைய நிலத்தில் நடவு நட்டும் கதிர் அறுத்தும் பிழைத்தவர்கள். மகள் மதுராந்தகத்தில் தட்டச்சு படித்து, தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் தேறி, அரசு அலுவலகம் ஒன்றில் தட்டச்சராகச் சேர்ந்தார். ஓய்வு பெறும்வரை தட்டச்சர்தான். பதவி உயர்வைப் பற்றிக் கேட்டால், "மேல போனா கையெழுத்து போடணும் சார், டைப் அடிக்க வுட மாட்டாங்க" என்பார்.

நான் தென்காசிப் பக்கத்துக்காரன். அணு ஆராய்ச்சி வேலைக்காக இந்தக் கரைக்கு வந்து, ஊழியர் குடியிருப்பிலேயே முப்பது வருஷத்தைக் கழித்தவன். அவரை முதலில் பார்த்தது ஒரு கருத்துக் கேட்புக் கூட்டத்தில். கடலோரத்தில் உல்லாச விடுதி கட்டப்போகிறார்கள், மக்கள் கருத்தைச் சொல்லலாம் என்று ஒரு கல்யாண மண்டபத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். பின்வாசலில் பிரியாணிப் பொட்டலங்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. மணல் மேடுகளைப் பற்றியும் நிலத்தடி நீரைப் பற்றியும் நான் இருபது நிமிஷம் பேசினேன். எனக்குப் பிறகு மீனவர் தேசிங்கு வந்து நாலே வரி பேசி இறங்கினார். மேடை ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் தட்டச்சு செய்த அம்மா, கூட்டம் முடிந்ததும் என்னைத் தேடி வந்தார். பாராட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"நீங்க பேசுனது பாதி எனக்கே புரியல சார். தேசிங்கு சொன்னது ஒரு எழுத்து வுடாம ஏறிட்ச்சு" என்றார். அன்றைக்குக் கோபம் வந்தது. இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது, கூடவே கண்ணும் கலங்குகிறது.

அவர் ஓய்வு பெற்ற பிறகுதான் நாங்கள் சேர்ந்து வேலை செய்தோம். சுற்றுச்சூழல் சட்டம் எதையாவது திருத்தப் போகிறார்கள் என்றால் முதலில் வரைவு வெளிவரும். ஆட்சேபம் உள்ளவர்கள் எழுத அறுபது நாள் அவகாசம். எஸ்தர் அக்கா பழைய சட்டத்தையும் புதிய வரைவையும் அச்செடுத்துக்கொண்டு பேருந்து மாறி மாறி என் வீட்டுக்கு வருவார். பழையதை நான் உரக்கப் படிக்க வேண்டும். அவர் புதியதன் மேல் ஸ்கேலை வைத்து வரி வரியாக இறக்கிக்கொண்டே வருவார். தட்டச்சர்கள் பிரதி சரிபார்க்கும் முறை அது. எங்கேயாவது மாறினால் ஸ்கேலால் மேஜையை ஒரு தட்டு தட்டுவார், நான் நிறுத்துவேன். காற்புள்ளியைக்கூட விட மாட்டார். முதல் பக்கத்தில் 'வளர்ச்சி', 'முதலீடு' என்று வந்துவிட்டால் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொள்வார்.

"கதவை உடைக்க மாட்டாங்க சார். தாப்பாள மட்டும் கழட்டிட்டு போவாங்க" என்று அவர் சொன்னது அப்படி ஒரு மத்தியானம்தான். அலை ஏறும் எல்லையிலிருந்து இருநூறு மீட்டருக்குள் புதிதாக எதுவும் கட்டக்கூடாது என்று இருந்ததை, நெருக்கமாக ஜனம் வாழும் ஊர்களில் ஐம்பது மீட்டர் என்று குறைத்திருந்தார்கள். சட்டம் இருக்கும், தடையும் இருக்கும். படகு ஏற்றி, வலை காயவைத்து, கருவாடு பரப்புகிற மணல் மட்டும் கையை விட்டுப் போகும்.

இனி சொல்லப் போவது எனக்குச் சுலபமில்லை.

அந்த வரைவுக்கு ஆட்சேப மனுவை நான் எழுதினேன். மேற்கோள், பிரிவு எண், அடிக்குறிப்பு என்று பிரமாதமான மனு. தேசிங்கு தன் கையால் ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்ததையும் அதில் சேர்க்கச் சொல்லியிருந்தார்: "கார்த்திகைல கடலு மேல ஏறும். அப்போ படகை தோப்பு வரிக்கும் இழுத்துகினு போவோம். நடுவுல சுவரு வந்தா படகை எங்க வெக்கிறது?" எஸ்தர் அக்கா அதைத் தட்டச்சு செய்ய எடுத்தார். நான் பேனாவால் அடித்துவிட்டு, மனுவின் நடைக்கு ஒத்து வராது என்றேன். "இருக்கட்டுமே சார்" என்று ஒரே ஒரு முறை கேட்டார். படித்தவன் நான், விடுவேனா?

பிழையில்லாமல் ஒரு பிரதி அடித்து, அதையே நகலெடுத்து, குப்பம் குப்பமாகப் போய்க் கையெழுத்து வாங்கலாம் என்பது அக்காவின் யோசனை. ஆளுக்கு ஒரு மனு, எல்லாம் ஒரே வாசகம். வாழ்நாள் முழுக்கச் சுத்தமான பிரதி எடுத்தவருக்கு அதுதான் மரியாதை என்று பட்டது, எனக்கும்தான். கட்டுக் கட்டாக அனுப்பினோம். சில மாதம் கழித்து ஒரு பதில் வந்தது: வாசகம் ஒன்றாக இருப்பதால் அத்தனையும் ஒரே கருத்தாக எடுத்துக்கொள்ளப்பட்டன. படகு ஏற்றும் இடத்தைப் பற்றி அந்த ஒரே கருத்திலும் ஒரு சொல் இல்லை.

சட்டம் மாறியது. தேசிங்கின் குப்பத்துக்கு வடக்கே மணலில் ஒரு சுற்றுச்சுவர் எழும்பியது. அதற்கடுத்த கார்த்திகையில் கடல் மேலேறியபோது, தோப்புக்கு இழுக்க வழியில்லாமல் நின்ற தேசிங்கின் படகு அந்தச் சுவரில் மோதிப் பிளந்தது.

சேதி கேட்டதும் எஸ்தர் அக்கா செய்த காரியத்தை இந்தக் கரையில் வேறு யாரும் செய்து நான் பார்த்ததில்லை. கையெழுத்துப் போட்ட ஒவ்வொரு வீட்டுக்கும் போனார், என்னையும் கூட்டிக்கொண்டு. "உங்க கையெழுத்து கணக்குல வரல. ஒரே மாதிரி அடிச்சது நானு. தப்பு என்னுது" என்று வாசலில் நின்று சொன்னார். சிலர் உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தார்கள். சிலர் திட்டினார்கள், நின்று கேட்டுக்கொண்டார். தேசிங்கின் வீட்டில், "உன் எழுத்து மனுல வரல தேசிங்கு, அதுவும் என் தப்பு" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. திரும்பி வரும்போது பேருந்தில் அவர் என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, சப்போட்டா என்ன விலை என்று விசாரித்துக்கொண்டு வந்தார்.

அடுத்த வரைவு வந்தபோது அக்கா ஆளே மாறிவிட்டார். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதை இனி வேண்டாம் என்று முதல் நாளே வெள்ளைத்தாள் கட்டோடு சதுரங்கப்பட்டினம் வலைக் கொட்டகையில் வந்து உட்கார்ந்தார். அவரவர் கையால், அவரவருக்குத் தெரிந்ததை எழுத வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் சொன்னதை அப்படியே எழுதினார். பிழை திருத்தவில்லை. யாராவது தப்பாக எழுதுவதைப் பார்த்தால் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொள்வார், அவ்வளவு அவஸ்தை. நான் ஒரு தாளை வாங்கித் திருத்தப் போனேன். "வேணாம் சார். அது அவங்க எழுத்து" என்று பிடுங்கிக்கொண்டார். இந்த முறை ஒவ்வொரு கடிதத்துக்கும் தனி எண் போட்டுப் பதில் வந்தது. குப்பத்துக்குத் தெற்கே இதுவரை சுவர் வரவில்லை. படகுகள் அந்த வழியாகத்தான் தோப்புக்கு ஏறுகின்றன.

போன மாதம் கருங்குழியில் அவரைப் பார்த்தேன். நுரையீரல் ஒத்துழைக்கவில்லை, ஒரு வாக்கியத்தை இரண்டு மூச்சில் பேசினார். புதிதாக எந்த வரைவும் வந்திருக்கிறதா என்று கேட்டார். ஒன்று வந்திருப்பதாகவும், தனியாகச் சரிபார்க்க முடியவில்லை என்றும் சொன்னேன். "தேசிங்கை கூட வெச்சிக்கோங்க. அவுரு நல்லா கேப்பாரு" என்றார். அதில் என்ன சொன்னார் என்பது அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.

அடக்கம் முடிந்து நானும் தேசிங்கும் ஜி.எஸ்.டி. சாலை டீக்கடை ஒன்றில் நின்றோம். மண் அள்ளிப் போட்ட கையை அவர் இன்னும் கழுவவில்லை. அக்கா எவ்வளவு பெரிய மனுஷி, செய்த தப்பை வீடு தேடி வந்து சொன்னதே என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

"தேசிங்கு, உங்க வரியை பேனாவால அடிச்சது அக்கா இல்ல. நான்."

அவர் டீயை ஒரு வாய் குடித்தார்.

"தெரியும் சார். அன்னிக்கே அக்கா கிட்ட கேட்டேன். அவுரே சொல்லுவாரு, நீயா கேக்காதன்னு சொல்லிட்ச்சு. அதான் இத்தினி வருசமா கேக்காம கீறேன்."

பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து, அக்கா சொல்லியிருந்த அந்தப் புது வரைவை எப்போது படிக்கலாம் என்று கேட்டார். நாளைக்கே என்றேன்.

சட்டங்களைத் தளர்த்தியவர்கள் யாரும் இந்தக் கரைக்கு வந்து ஒரு வாசலில்கூட நிற்கவில்லை. அதைச் சொல்லிச் சொல்லி நான் மேடைகளில் கைதட்டு வாங்கியிருக்கிறேன். நான் வாசல் வரை போயும் சொல்லவில்லை. எஸ்தர் அக்காவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது "தப்பு என்னுது" என்ற அந்த இரண்டு வார்த்தையை. அவர் காதில் விழும்படி ஒரு முறை சொல்லியிருக்கலாம்.