அக்காவின் மத்தியான ஒப்பாரி

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உற்றார் உறவினருக்கும், அக்காவோடு கிடங்கில் வேலை செய்த தாய்மார்களுக்கும் அவருடைய தம்பியின் வணக்கம். அக்கா மறைந்து ஓராண்டு ஆகிவிட்டது. காலமானவர்களைப் பற்றி எழுதினால் பொறுமையின் இருப்பிடம் என்று எழுதுவது வழக்கம். எங்கள் அக்காவுக்குப் பொறுமையே கிடையாது. சோறு குழைந்தால் பானையோடு சண்டைக்குப் போவார். ஆனால் ராயபுரத்தில் எத்தனையோ பெண்களின் மனம் ஒடிந்துவிடாமல் காத்தவர் அவர்தான். அதைப் பெருமையோடு சொல்லவே இதை எழுதுகிறேன்.

அக்கா திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் பிறந்தார். எங்கள் தந்தையார் படகுகளுக்குக் கயிறு திரித்துக் கொடுத்துக் குடும்பம் நடத்தினார். அக்கா மூத்தவர், நான் கடைக்குட்டி. உரிய வயதில் தண்டையார்பேட்டையில் வாழ்க்கைப்பட்டார். மாமா துறைமுகத்தில் சரக்குப் படகு ஓட்டி வந்தார். நல்ல மனிதர், அக்காவின் கோபத்தைப் பார்த்துச் சிரிக்கத் தெரிந்த ஒரே மனிதர். ஓர் ஐப்பசி மழையில் அவருடைய படகு கவிழ்ந்தது. உடல்கூடக் கரைக்கு வரவில்லை.

உடல் இல்லாத சாவு வீட்டில் அழுவதற்கு எதிரே எதுவும் இருப்பதில்லை. உறவுப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். அக்கா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. எங்கள் வீட்டுக்கு அழைத்துவந்த பிறகும் வாய் திறக்கவில்லை. இரண்டு வயது மகள் மடியில் ஏறினால் இறக்கிவிட்டு எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பார். கடற்கரைப் பக்கம் தனியாக நடந்து போய் நிற்பார். காத்து கருப்பு என்று சொல்லி வேப்பிலை அடித்துப் பார்த்தார்கள். “இவ கடலோட போயிருவாளோன்னு பயமா கீதுடா” என்று அம்மா என்னிடம் சொல்லி அழுதார். கை வேலையாக இருந்தால் மனம் கொஞ்சம் அடங்கும் என்று எண்ணி, அம்மாவே அவரை ராயபுரத்தில் ஒரு கடலைக் கிடங்குக்கு வேலைக்கு அனுப்பி வைத்தார்.

கப்பலில் ஏற்றுவதற்கு முன்னால் வேர்க்கடலைப் பருப்பை முறத்தில் புடைத்துக் கல்லும் மண்ணும் சொத்தையும் பொறுக்குவது அங்கே வேலை. நாள் முழுவதும் தூசி, மேஸ்திரியின் ஏச்சு. அங்கே வேலை செய்த பெண்களுக்கு வீட்டுக்குப் போனால் குடிகாரப் புருஷன், அழுகிற பிள்ளை, ஒழுகுகிற கூரை. ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டு எழும்போது அக்காவின் முறம் கிழிந்து போயிற்று. அதை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தவர், திடீரென்று பாட ஆரம்பித்தாராம்.

“மூங்கில் முறமே, என்னெப் பெத்த முறமே,
கல்லுப் பொறுக்க என்னெ வுட்டுட்டு
நீயும் கெழிஞ்சு போனியே,
கடலுக்குப் போன ராசாவோட
நீயும் சேந்து போனியே.”

முதலில் மற்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு கூடவே அழுதிருக்கிறார்கள். அன்று மாலை அக்கா வீட்டுக்கு வந்து மகளை மடியில் போட்டுத் தலை வாரிவிட்டார். “சோறு கீதாம்மா?” என்று கேட்டார். அம்மா அடுப்படியிலேயே உட்கார்ந்து விம்மினார்.

அதிலிருந்து மத்தியான ஒப்பாரி கிடங்கில் வழக்கமாயிற்று. சட்டம் போட்டவர் அக்கா. தினம் ஒருத்தியின் கஷ்டம்தான். அவள் முதலில் பாட வேண்டும், மற்றவர்கள் பின்பாட்டு. கூரைக்குப் பாடினார்கள், மாமியாருக்குப் பாடினார்கள், காணாமல் போன கோழிக்கும் பாடினார்கள். பாதியில் சிரிப்பு வந்தால் சிரிக்கலாம். முடிந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு முறத்தை எடுக்க வேண்டும், அப்புறம் அன்றைக்கு அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. சாவு விழாத இடத்தில் ஒப்பாரி வைப்பது அபசகுனம் என்று பெரியவர்கள் கண்டித்தார்கள். “வாய்வுட்டுச் சிரிச்சா நோவு போவுதுன்றீங்களே, வாய்வுட்டு அழுதா மட்டும் போவாதா?” என்று அக்கா கேட்டார்.

வினை வந்தது மேஸ்திரி ரூபத்தில். ஆறுமுக மேஸ்திரி ஒரு நாள் எல்லோரையும் கண்டபடி ஏசிவிட்டு, சரக்கு ஏற்றுவதைப் பார்க்கத் துறைமுகத்துக்குப் போய்விட்டார். அன்றைய கஷ்டம் எது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. மேஸ்திரிக்கே ஒப்பாரி வைத்தார்கள். அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்த மச்சானின் காதில், கிடங்கு வாசலுக்கு வரும்போதே “ஆறுமுகமே, போயிட்டியே” என்ற கடைசி அடி மட்டும் விழுந்தது. அடுக்கிய மூட்டை அட்டி சரிந்து ஆள் நசுங்குவது நம் பக்கத்தில் புதிதில்லையே. உள்ளே எட்டிப் பார்க்கவும் துணியாமல், தூக்குச் சட்டியைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினார்.

மாலையில் மேஸ்திரி தண்டையார்பேட்டையில் தன் வீட்டுக்குத் திரும்பியபோது தெருவில் பந்தல், தப்பட்டை, பச்சை மூங்கில். யார் வீட்டுச் சாவு என்று விசாரித்துக்கொண்டே வந்தவர், தன் வீட்டு வாசலில் நின்றுவிட்டார். உள்ளே அவர் மனைவி தலையை விரித்துப் போட்டுக்கொண்டு பாடிக்கொண்டிருந்தார்.

“மழெ பேஞ்சா எனக்குக் கோணி புடிச்ச கையாச்சே,
ஜொரத்துல கெடந்தா எனக்குக் கஞ்சி வச்ச கையாச்சே.”

கூட்டம் அவரைப் பார்த்து அலறிச் சிதறிய கதையைத் தண்டையார்பேட்டை இன்னும் சொல்லிச் சிரிக்கிறது. அன்று கிடங்குப் பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. வேலை போனால் பல வீடுகளில் அடுப்பு எரியாது. எங்கள் வீட்டிலோ அம்மாவுக்கு வேறு பயம். பாட்டு நின்றால் மகள் பழையபடி ஆகிவிடுவாளோ என்ற பயம்.

மறுநாள் காலை மேஸ்திரி எல்லோரையும் கிடங்கு வாசலில் நிறுத்தினார்.

“உயிரோட கீறவனுக்கு ஒப்பாரி வெச்சது யாரு?”

அக்கா முன்னால் வந்தார். “நான்தான் மேஸ்திரி. இதுங்களுக்குக் கத்துக் குடுத்ததும் நான்தான். வேலைய வுட்டு நிறுத்தறதுன்னா என்னெ நிறுத்து. பாட்ட நிறுத்தாத. இங்க அழாதத வூட்டுக்கு எடுத்துகினு போயி புள்ளைங்க முதுவுல எறக்கும்ங்க. நானும் அப்பிடி இருந்தவதான்.”

மேஸ்திரி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாராம்: “எம் பொஞ்சாதி எம்மேல இவ்ளோ ஆசெ வச்சிகினு கீறான்னு நேத்துதான் தெரிஞ்சிது. கல்யாணம் கட்டினதுலேர்ந்து ஒரு வார்த்தெ சொன்னவ இல்ல. பாடிக்கங்க. கதவச் சாத்திகினு பாடுங்க. எம் பேரு மட்டும் வாணாம்.”

அதற்குப் பிறகு அவர் ஏசவே இல்லை என்று எழுதினால் பொய்யாகும். ஏசினார், ஆனால் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். அவர் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்து போகும் உறவாகிவிட்டார். அக்கா மகளை வளர்த்துக் கொருக்குப்பேட்டையில் நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்தார். கண் மங்கி முறம் பிடிக்க முடியாமல் போன பிறகும், யாருக்காவது மனம் சரியில்லை என்றால் மத்தியானத்தில் கிடங்கு வரை நடந்து போவார்.

கடைசியாக நுரையீரலில் சளி கட்டிப் படுத்துவிட்டார். தேறமாட்டார் என்று வைத்தியர் என்னிடம் மெதுவாகச் சொன்னதை, படுக்கையிலிருந்தே கேட்டுவிட்டார். கிடங்குப் பெண்களை அழைத்துவரச் சொன்னார்.

“செத்தப்புறம் நீங்க பாடினா எனக்கு எப்பிடிடீ கேக்கும்? இப்பவே பாடுங்க.”

மேஸ்திரியின் மனைவிதான் முதல் அடியை எடுத்தார். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பொறுமைசாலி என்று ஓர் அடி வந்தபோது கையை உயர்த்தி நிறுத்தி, “அது பொய்யி, எடுத்துடு” என்றார். முடிந்ததும் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, “எனக்குப் போதும், மனசு நெறஞ்சிது. இனிமே நீங்க அழுவறது உங்களுக்கு” என்றார்.

நோயில் பக்கத்தில் இருந்த அண்டை வீட்டாருக்கும், பணம் எதிர்பாராமல் வந்து பார்த்த வைத்தியருக்கும், பாடை தூக்கிய துறைமுகத்து நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. கிடங்குத் தாய்மார்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. தன்னைப் பற்றி ஊர் பாடியதை எங்கள் அக்கா உயிரோடு கேட்டு, திருத்தம் சொல்லிவிட்டுப் போனார்.