இளையவனுக்கு எதிராக ஒரு கை

தூசியக்காவுக்கு அந்தப் பெயர் வந்ததில் ரகசியம் எதுவும் இல்லை. இருபத்திரண்டு வருடங்களாகத் தம்பியின் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில், பின்னறையில் உட்கார்ந்துகொண்டு, ஊரார் வீட்டுத் தூசியை எல்லாம் ஊதித் தள்ளுகிறாள். பெட்டியைத் திறப்பது, பிரஷ் போடுவது, காற்றாடியைக் கழற்றுவது, சூட்டைக் கடத்தும் பசை காய்ந்திருந்தால் அதைச் சுரண்டி ப்ராசஸரைத் துடைத்து, புதுப் பசை தடவி மறுபடி உட்கார வைப்பது எல்லாம் அவள் கைவேலை. தம்பி முன்னால் கல்லாவில் இருப்பான். வருகிறவர்கள் பின்னறையை எட்டிப் பார்த்து, "மெக்கானிக் வெளியே போயிருக்காரா?" என்று அவளிடமே கேட்பார்கள். "ஆமா, வெச்சிட்டுப் போங்க, வந்ததும் சொல்றேன்" என்பாள். அவர்கள் தெரு முனை திரும்புவதற்குள் பெட்டியைத் திறந்திருப்பாள். எத்தனை பேரிடம்தான் மல்லுக்கு நிற்பது!

கம்ப்யூட்டருக்கு மூளை ப்ராசஸர்தான். அந்த மூளையைச் செய்யும் கம்பெனிகளில் இரண்டுக்குத்தான் ஜென்மப் பகை. பெரிய கம்பெனிக்குக் கடையில் மூத்தவன் என்று பெயர், சின்னதற்கு இளையவன். தூசியக்கா ஆரம்பத்திலிருந்தே இளையவன் கட்சி. பத்து வருடத்துக்கு முன் இளையவன் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, "என்னக்கா, உன் ஆளுக்கு மூச்சு இருக்கா?" என்று தம்பி தினமும் சீண்டுவான். "இருக்குடா. அவன் எந்திரிச்சு வரும்போது உன் வாயை எங்க கொண்டு வெச்சுப்ப?" என்பாள். எழுந்தும் வந்தான். பாதி விலை, இரட்டை வேகம் என்று ஒரு ப்ராசஸரை இறக்கினான் பாருங்கள், மூத்தவன் ஆடிப்போனான்! இளையவனின் பங்கு விலை இரண்டே வருடத்தில் மூன்று மடங்கு ஆயிற்று. பங்கு என்றால் என்னவென்றே தெரியாதவர்கள்கூட முடிதிருத்தும் கடையில் உட்கார்ந்து, "மூத்தவன் கதை முடிஞ்சுது" என்று தீர்ப்பு எழுதினார்கள்.

இந்தச் சமயத்தில்தான் தூசியக்கா பங்குச் சங்கத்தில் சேர்ந்தாள். பெரிய சங்கம் எல்லாம் இல்லை, ஏழே பேர். மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் தையல் கடை மாடியில் கூடி, ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, எல்லோருமாக ஒரு கம்பெனியின் பங்கை வாங்குவார்கள். துணி வெட்டும் மேஜைதான் கூட்ட மேஜை. தையல் கடை அக்கா தலைவி, மருந்துக் கடையம்மா செயலாளர். மற்றவர்கள் பஸ் கண்டக்டர் ஒருவர், ஓவிய வாத்தியார் ஒருவர், ஜெராக்ஸ் கடை அண்ணன் தம்பி. ஒருவர் வீடு மாறிப் போனதில் காலியான ஏழாவது இடம் தூசியக்காவுக்குக் கிடைத்தது.

சங்கத்தில் ஒரு வினோதமான விதி உண்டு. ஒரு காலத்தில் கண்டக்டர் ஏதோ பேட்டரி கம்பெனியைப் பற்றி ஆவேசமாகப் பேசி அத்தனை பேரையும் மயக்கிவிட்டார். ஏழு மாதத்தில் அந்தக் கம்பெனி இருந்த இடம் தெரியாமல் போயிற்று. அன்று முதல், யார் எந்த யோசனையைக் கொண்டுவந்தாலும் முதலில் எதிர்ப்பக்கம் நின்று பத்து நிமிடம் பேச வேண்டும். ஒப்புக்குப் பேசினால் செல்லாது. எதிராளியே கேட்டிருந்தால் கை தட்டியிருப்பான் என்று மற்றவர்களுக்குத் தோன்ற வேண்டும்.

புதிதாக வந்தவர்களுக்கு இன்னொரு நிபந்தனையும் இருந்தது. ஆறு மாதத்துக்குள் ஒரு யோசனை கொண்டுவர வேண்டும். அது கை தூக்கலில் தேறினால் இடம் நிரந்தரம். தேறாவிட்டால் போட்ட பணத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

மருந்துக் கடையம்மாவுக்குத் தூசியக்காவைப் பிடிக்கவில்லை. எதைக் கையில் எடுத்தாலும் காலாவதித் தேதியைத் தேடும் மனுஷி அவர். முதல் நாளே முகத்துக்கு நேராகக் கேட்டுவிட்டார்: "கம்ப்யூட்டரைத் துடைக்கறதும் கம்பெனியை எடை போடறதும் ஒண்ணாம்மா? வாயைத் திறந்தா இளையவன் இளையவன்ங்கற. ரசிகர் மன்றம் வேற, பங்குச் சங்கம் வேற."

தூசியக்காவுக்குச் சுருக்கென்றது. ஆனால் அதே கூட்டத்தில் இன்னொன்றும் நடந்தது. ஏதோ ஒரு காகிதக் கம்பெனியைப் பற்றிப் பேச்சு வந்தபோது ஓவிய வாத்தியார் அவள் பக்கம் திரும்பி, "நீங்க என்ன நினைக்கறீங்க?" என்று கேட்டார். நாற்பத்தாறு வயதில் ஒரு மனுஷியிடம் முதல் முறையாகக் கேட்கப்பட்ட கேள்வி அது! அந்தச் சந்தோஷம் இரண்டு நாள் தாங்கியது. பணம் வந்தாலும் வராவிட்டாலும் அந்த மேஜையில் தனக்கு ஓர் இடம் வேண்டும் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள்.

ஆறாவது மாதம், கடைசி வாய்ப்பு. யோசனை என்ன என்று கேட்கவே வேண்டாம், இளையவனை வாங்குவதுதான். விதிப்படி முதலில் மூத்தவனுக்காகப் பேச வேண்டும்.

"இதுக்கு எதுக்கு இவ்ளோ தலையைப் பிச்சுக்கற?" என்றான் தம்பி. "அங்க யாருக்கு ப்ராசஸர் தெரியும்? மூத்தவனைப் பத்தி வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டு வா. கையைத் தூக்கிடுவாங்க."

உண்மைதான், ஒருவருக்கும் தெரியாது. சப்பென்று நாலு வார்த்தை பேசினால் வேலை முடிந்தது. ஆனால் அவளுக்கு அப்படிச் செய்ய வரவில்லை. பசையை அரைகுறையாகத் தடவி மூடினால் வெளியே தெரியாது, மூன்றாம் மாதம் சூடேறித் திரும்பி வரும். அந்த மாதிரி வேலையை அவள் என்றுமே செய்ததில்லை.

அந்த மாதம் முழுக்கக் கடைக்கு வந்த பெட்டிகளைத் திறந்து திறந்து குறித்தாள். பத்துக்கு எட்டில் மூத்தவன் உட்கார்ந்திருந்தான். ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டர் வாங்கும் அலுவலரிடம் போய், "இன்னும் ஏன் சார் அவனையே வாங்கறீங்க?" என்று கேட்டாள். "எங்க ப்ரோக்ராம் எல்லாம் அதுல ஓடிப் பழகினது. மாத்தணும்னா ரெண்டு வருஷ வேலைம்மா. யார் செய்வா?" என்றார் அவர். இரண்டு கம்பெனிகளின் ஆண்டறிக்கையையும் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தாள். மூத்தவன் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி இரண்டு புதுத் தொழிற்சாலை எழுப்பிக்கொண்டிருந்தான். இளையவனின் பங்குக்கு, அவன் இன்னும் பத்து வருடம் கழித்துச் சம்பாதிக்கப்போவதையும் சேர்த்து இன்றைக்கே விலை கேட்டார்கள்.

அறிக்கையை மூடி வைத்துவிட்டு யோசித்தாள். கடவுளே, நான் இத்தனை வருஷம் இளையவன் பக்கம் நின்றது அவன் திறமைக்காகவா, இல்லை அவனையும் யாரும் மதிக்கவில்லை என்பதாலா? பதில் அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது.

ஞாயிறு வந்தது. மேஜைமேல் கிடந்த துணித் துண்டுகளைத் தையல் கடை அக்கா ஒதுக்கினார். தூசியக்கா எழுந்தாள். முதல் இரண்டு நிமிடம் காகிதத்தைப் பார்த்துப் படித்தாள், பிறகு பேச்சு சரளமாயிற்று. பெட்டிக் கணக்கைச் சொன்னாள், ஆஸ்பத்திரிக் கதையைச் சொன்னாள், தொழிற்சாலைகளைச் சொன்னாள். "மூத்தவன் விழுந்துட்டான்னு எல்லாரும் சொல்றோம். அவன் விழலை, உட்கார்ந்திருக்கான்" என்றாள். கண்டக்டர் தன்னை மறந்து கை தட்டிவிட்டார்.

அடுத்து இளையவனுக்காகப் பேசினாள். "அவன் படுத்துக் கிடந்த வருஷங்கள்ல மூத்தவன் பழைய சரக்குக்கே புதுசா அட்டைப்பெட்டி போட்டு வித்தான். இவன் எழுந்த பிறகுதான் ரெண்டு பேருமே ஒழுங்கா வேலை செய்யறாங்க. இந்தச் சண்டை நமக்கெல்லாம் நல்லது. இளையவன் இன்னும் மேல வருவான்." அத்துடன் உட்கார்ந்துவிட்டாள்.

கை தூக்கும் நேரம். யோசனை கொண்டுவந்தவருக்குக் கடைசி முறை. ஜெராக்ஸ் அண்ணன் தம்பியும் கண்டக்டரும் இளையவனை வாங்கலாம் என்றார்கள். தையல் கடை அக்கா, வாத்தியார், மருந்துக் கடையம்மா மூவரும் வேண்டாம் என்றார்கள். மூன்றுக்கு மூன்று. எல்லோரும் தூசியக்காவைப் பார்த்தார்கள். கண்டக்டர் சிரித்தார்: "அப்புறம் என்ன, தூக்குங்க! இடமும் உங்களுது, இளையவனும் உங்களுது."

கையைத் தூக்கினால் போதும், கேட்க ஆள் இல்லை. தூசியக்கா மேஜையைப் பார்த்தாள்.

"வேண்டாம்னு போட்டுக்குங்க" என்றாள்.

"என்னது!" என்றார் கண்டக்டர்.

"அவன் ஜெயிப்பான்னுதான் இப்பவும் நினைக்கறேன். ஆனா ஜெயிச்சதுக்கு அப்புறம் கொடுக்க வேண்டிய விலையை இப்பவே கேக்கறாங்க. இந்த விலைக்கு உங்க பணத்தைப் போடச் சொல்ல எனக்கு மனசு வரலை."

மருந்துக் கடையம்மா நோட்டில் 'தேறவில்லை' என்று எழுதினார். பேனாவை மூடவில்லை. தையல் கடை அக்கா இழுப்பறையிலிருந்து அவள் போட்ட பணத்தின் உறையை எடுத்து மேஜைமேல் வைத்தார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. அழுதுவிடக் கூடாதே என்று தூசியக்கா அவசரமாக எழுந்து பையைத் தோளில் மாட்டினாள்.

"உட்காரும்மா" என்றார் மருந்துக் கடையம்மா, பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "எங்கிட்ட ஒரு யோசனை இருக்கு. அந்த நாற்காலி இவங்களுக்கே இருக்கட்டும்."

கண்டக்டர் தொண்டையைச் செருமினார். "விதின்னா எல்லாருக்கும் விதிதானே? முதல்ல எதிர்ப்பக்கம் பேசுங்க. இவங்க ஏன் இருக்கக் கூடாதுன்னு சொல்லுங்க."

அதற்கென்ன பஞ்சம்! ஆறு மாதமாக அதைத்தானே சொல்லிவந்தார். மருந்துக் கடையம்மா எழுந்து நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார். தூசியக்காவைப் பார்த்து வாயைத் திறந்தார், மூடினார்.

"ஒண்ணும் தோணலை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

ஆறு கைகள் மேலே போயின. தனக்கும் ஓட்டு உண்டா என்று தெரியாமல் தூசியக்கா திருதிருவென்று விழித்தாள்.

"என்ன பார்க்கற?" என்று அதட்டினார் மருந்துக் கடையம்மா. "உனக்காகத்தானே, நீயும் தூக்கு!"